வெற்றிலையில் மடித்த கறி

ஏழு வருஷமாக வேடியப்பனுக்கு வயிறு சரியில்லை. மற்ற இடங்களில் கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறுதான். மூர்த்தி வீட்டு விசேஷம் என்றால் மட்டும் மக்கர் செய்யும். மூர்த்தியின் அக்கா கல்யாணத்துக்கு வந்தான், மொய் எழுதினான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அக்கா பிள்ளையின் காதுகுத்துக்கும் அதே கதை. இருவரும் அடி அண்ணாமலைதான், ஒரே பெஞ்சில் படித்தவர்கள்தான். ஆனால் வேடியப்பன் வீடு ஊருக்குள், மூர்த்தி வீடு காலனியில். வேறு விளக்கம் வேண்டுமா என்ன?

இப்போது மூர்த்திக்கே கல்யாணம். எண்பத்திமூன்றாம் வருஷம், தை மாசம். பத்திரிகை சட்டைப்பையில் இருந்தது. இந்தத் தடவையும் வேடியப்பன் வயிறு என்று சொன்னால் இந்தச் சிநேகிதத்துக்கு ஒரு கும்பிடு என்று முடிவு கட்டிக்கொண்டுதான், அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த தங்கம்மாள் மிலிட்டரி ஓட்டலுக்கு மூர்த்தி வந்தான்.

விருந்து வைத்தவன் சகாதேவன். அதே பெஞ்சின் மூன்றாவது ஆள். சவுதியில் கொரியாக்காரன் கம்பெனியில் மூன்று வருஷம் வெல்டிங் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தான். அங்கே கொரியாக்காரர்கள் சாப்பிடுகிற மாதிரியே மேசை நடுவில் கரி அடுப்பை வைத்து, அதன்மேல் கம்பி வலையைப் போட்டான். ஒரு தட்டில் பூண்டும் மிளகாயும் தடவிய பச்சைக் கறி, பக்கத்தில் ஒரு கட்டு வெற்றிலை.

"கறிக்கு வெத்தலையா? இது சாப்பாடா, நிச்சயதார்த்தமா தம்பி?" என்றாள் தங்கம்மாள்.

"அங்க வேற எலைக்கா. இங்க இதான் கெடைச்சுது" என்ற சகாதேவன் சட்டம் சொன்னான். "தானே சுட்டுத் தானே துன்னக் கூடாது. எலையில மடிச்சு, பக்கத்துல இருக்கறவன் வாயில குடுக்கணும். அவன் ஒரே வாயில வாங்கிக்கணும். பாதி கடிச்சா, குடுத்தவன மதிக்கலன்னு அர்த்தம்."

மூர்த்திக்குப் பக்கத்தில் வேடியப்பன். சகாதேவன் வேண்டுமென்றேதான் அப்படி உட்கார வைத்தானோ என்னவோ.

மூர்த்தி ஒரு துண்டைச் சுட்டு, வெற்றிலையில் மடித்து நீட்டினான். அடுத்த மேசையில் ஊர்க்காரர்கள் இருவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வேடியப்பனும் அவர்களைப் பார்த்தான்.

"வயிறு..." என்று ஆரம்பித்தான்.

மூர்த்தி கையை இழுத்துக்கொள்ளவில்லை. "சொல்லு. வயித்துக்கு இன்னா?"

வேடியப்பன் வாயைத் திறந்தான். முழுசாக வாங்கிக்கொண்டான். வெற்றிலைக் காரமும் மிளகாயும் சேர்ந்து கண்ணில் நீர் முட்டியது.

"வயித்துக்கு என்னிக்கும் ஒண்ணும் இல்லடா. எங்கப்பாவுக்குத்தான் பயந்தேன்."

மூர்த்திக்குத் தெரியாத சங்கதியா? ஆனாலும் அதை அவன் வாயாலேயே கேட்டபோது கோபமும் பாசமும் ஒன்றாகப் பொங்கின. பையிலிருந்து பத்திரிகையை எடுத்து மேசைமேல் வைத்தான், ஒன்றல்ல, இரண்டு.

"இன்னொண்ணு உங்கப்பா பேருக்கு. நீயே குடுத்துடு."

வேடியப்பன் அப்பாவின் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனும் ஒரு துண்டை மடித்து மூர்த்தியின் வாயில் திணித்தான்.

"நான் குடுக்க மாட்டேன். நீயே வந்து குடு. வாசல்ல நிக்காத. உள்ள வந்து உக்காந்து, எங்கம்மா கையால சாப்ட்டுட்டு குடு."

மூர்த்தி கஷ்டப்பட்டு விழுங்கினான். "உங்கப்பா?"

"ஏழு வருஷம் எனக்கு இருந்துச்சு இல்ல? அன்னிக்கு ஒருநாள் அவருக்கு வயிறு சரியில்லாம இருக்கட்டும்."