திறப்பு விழாவுக்குக் காத்திருந்த கழிவறை

என் மகளுக்கு வீட்டில் நாங்கள் வைத்த பட்டப்பெயர் வக்கீல். வயது பதினைந்து, வாய் ஐம்பது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே எதிராளியை நிற்க வைத்துக் கேள்வி கேட்பாள். அப்படிப்பட்டவள் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான ஆதரவு நிலையத்துக்குப் போகிற நாளில் மட்டும் காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டாள்.

அங்கே இருக்கிற பழைய கழிவறைக்குள் அவள் நாற்காலி நுழையாது. புதிதாக ஒன்று கட்டியிருந்தார்கள். அகலமான கதவு, சுவரோடு கைப்பிடிகள், உட்கார்ந்தபடியே எட்டுகிற குழாய். எல்லா வேலையும் முடிந்து, தண்ணீரும் வந்து, பூட்டியே கிடந்தது. கட்டிக்கொடுத்த தொழிலதிபருக்கு ரிப்பன் வெட்ட நேரம் ஒழியவில்லையாம்.

அதுவரை அறை சும்மா கிடக்கலாமா? நிலையம் வாங்கிய கேடயங்களையும் பழைய பேனர்களையும் உள்ளே அடுக்கிவிட்டார்கள். பாதி பேனர்களில் என் மகள்தான் சிரித்துக்கொண்டிருப்பாள். படத்துக்கு உள்ளே இடம் இருந்தது, ஆளுக்குத்தான் இல்லை.

சிறுநீரில் கிருமி என்று இரண்டாம் முறை காய்ச்சல் வந்தபோது டாக்டர் என்னைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார்.

"தண்ணியே குடிக்காம இருந்தா கிட்னி என்னத்துக்காகும்? இன்னொரு தடவை இப்படி வந்தா அட்மிட் பண்ணிடுவேன். முதல்ல அந்த இடத்துக்கு அனுப்பறதை நிறுத்துங்க."

நிறுத்துவதா? வீட்டை விட்டால் அவளுக்கு இருக்கிற ஒரே இடம் அது. கம்ப்யூட்டரில் படம் வரையக் கற்றுக்கொள்வது அங்கேதான். சண்டை போட நாலு தோழிகள் இருப்பதும் அங்கேதான். நேரே ஒருங்கிணைப்பாளர் மேடத்திடம் போனேன்.

"மேடம், இப்போதைக்குக் கதவை மட்டும் திறந்து விடுங்க. அவர் வரும்போது ரிப்பனை வெட்டிக்கட்டும்."

"அதெப்படிம்மா? ஏற்கெனவே பயன்படுத்தினதைத் திறந்து வைக்கச் சொன்னா அவர் மனசு என்ன பாடுபடும்?"

அவர் மனசு! நான் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். அந்த நேரம் என் கையில் இஸ்திரிப் பெட்டி இல்லாதது மேடத்தின் நல்ல காலம்.

ஒரு வழியாக விழாவுக்கு நாள் குறித்தார்கள். அன்று காலை வக்கீல் ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்தாள்.

"இன்னைக்குத்தான் திறக்கறாங்கல்லம்மா" என்றாள்.

நான் இன்னொரு பாட்டிலையும் நிரப்பி அவள் பையில் வைத்தேன்.

நாங்கள் போனபோது கேடயங்கள் மேசைக்கும் பேனர்கள் சுவருக்கும் வந்திருந்தன. மேடம் பூட்டைத் திறந்து, சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு, வாசலுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டினார். பிள்ளைகளையும் பெற்றோர்களான எங்களையும் எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பத்து மணி விழாவுக்குத் தொழிலதிபர் ஆடி அசைந்து பதினொன்றரைக்கு வந்தார். பூங்கொத்து வாங்கினார். மைக்கையும் வாங்கினார்.

"இந்தக் குழந்தைங்ககிட்டேர்ந்து நாம கத்துக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. அதுதான் பொறுமை!"

எல்லோரும் கை தட்டினார்கள். என் மகள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, முடியலைம்மா."

நான் குனிந்தபடியே போய் மேடத்தின் காதில் சொன்னேன்.

"ரெண்டே நிமிஷம்மா. பேச்சு முடியட்டும், ரிப்பன் வெட்டட்டும், ஒரு போட்டோ. அப்புறம் உங்க பொண்ணுதான் முதல்ல!"

ரெண்டு நிமிஷம் பத்தாயிற்று. மனுஷர் தன் அம்மா தனக்குப் பொறுமையைச் சொல்லிக் கொடுத்த கதைக்குப் போய்விட்டார். என் மகளின் முகம் வெளுத்துவிட்டது. இத்தனை பேர் முன்னால், கேமராவுக்கு எதிரே, உட்கார்ந்த இடத்திலேயே நனைந்துவிட்டால் பிறகு இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டாள்.

கடக்கென்று பிரேக் விடுபடுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் பாதி தூரம் போய்விட்டாள். தொழிலதிபர் வாயைப் பிளந்துகொண்டு ஒதுங்கினார். ரிப்பன் அவள் மார்பில் இழுபட்டு, அறுந்து, சக்கரத்தோடு உள்ளே போனது. கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

"ஐயையோ, ரிப்பன்!" என்றார் மேடம்.

பிள்ளை என்ன ஆனாள் என்று கேட்கவில்லை. ஒரு கேடயத்திலிருந்த ரிப்பனை உருவி, மூடிய கதவுக்கு வெளியே ஓடி ஓடிக் கட்டினார். உள்ளே என் மகள் இருக்க, வெளியே தொழிலதிபர் அந்தக் கழிவறையை ரிப்பன் வெட்டித் திறந்து வைத்தார். கை தட்டல் ஓய்ந்ததும், போட்டோவுக்காகக் கதவில் கை வைத்துத் தள்ளினார்.

"ஆள் இருக்கு!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் கொட்டியது.

சாவகாசமாகக் கை கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். "தண்ணி நல்லா வருது சார்" என்று சான்றிதழ் வேறு கொடுத்தாள். அவர் அசட்டுச் சிரிப்போடு காரேறிப் போனார். நாங்கள் திரும்ப வந்து உட்கார்ந்தோம். மேடம் பேனர்களைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"எதுக்கு மேடம் சுருட்டறீங்க?" என்றேன்.

"உள்ள வைக்கத்தான். அடுத்த மாசம் வெளியூர்லேர்ந்து பார்வையிட வர்றாங்க. அதுவரைக்கும் பூட்டி வச்சாத்தான் புதுசா இருக்கும்."

அடிப்பாவி என்று மனசுக்குள் கத்தினேன். மேடம் கதவருகே போனார். குனிந்தார், நிமிர்ந்தார், தரையைப் பார்த்தார்.

"சாவி எங்க? இதுலதானே விட்டிருந்தேன்? இருந்ததே ஒண்ணு!"

மேசையைக் கவிழ்த்தார்கள். பூங்கொத்தைப் பிரித்தார்கள். காவலாளி தன் சட்டைப் பையைத் தானே சோதித்துக்கொண்டார். கடைசியில் மேடம் மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் தயவுசெஞ்சு எழுந்திரிச்சு, உட்கார்ந்த இடத்தைப் பாருங்க!"

எழுந்திருக்க முடிந்தவர்கள் எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்து என் நாற்காலியைத் தட்டிப் பார்த்தேன். மேடம் ஒவ்வொருவராகத் தாண்டி என் மகள் முன்னால் வந்து நின்றார். அவள் நாற்காலி மெத்தையில் நன்றாக அழுந்தி உட்கார்ந்துகொண்டு, இரண்டாவது பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். மேடம் வாயைத் திறந்தார். என்ன இருந்தாலும் அவளைப் பார்த்து எழுந்திரு என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.