ஜெனரேற்றருக்கு அருகில் நிற்பவன்

1986ஆம் ஆண்டு ஆடி மாதம் பதினோராந் திகதி வெள்ளிக்கிழமை காலை, கரம்பொனில் இரண்டு காரியங்கள் ஒன்றையொன்று மறித்து நின்றன. அம்மன் கோயிலின் ஐந்தாந் திருவிழா அன்று மாலை நடைபெற வேண்டும். அதில், 'வெள்ளலை' பொப் இசைக்குழுவை விட்டு விலகிய பாடகன் லிங்கம் முதன்முறையாகத் தனித்துப் பாட வேண்டும். அக்குழுவை நடத்திய கதிர்காமுவின் உடலோ, கோயிலுக்கு மூன்றாவது ஒழுங்கையில், அவனுடைய தாயின் வீட்டில் கிடந்தது. ஊருக்குள் பிணம் கிடக்கும்வரை கோயிற் கதவு திறக்கப்படுவதில்லை.

முதல்நாள் மாலை பக்கத்து ஊரான சரவணையில் ஒரு கலியாண வீட்டில் ஒலிபெருக்கி இரைந்தது. கதிர்காமு வியர்த்த கையோடு வயரைப் பிடித்தான். ஜெனரேற்றர் ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக் காரியங்கள் முடிந்து உடல் விடியும்போது வீடு வந்தது.

குழு தொடங்கிய நாள்முதல் அதில் ஓர் ஒழுங்கு இருந்தது. கதிர்காமு வயரில் கைவைக்குமுன் லிங்கம் ஜெனரேற்றரை நிறுத்துவான். வேலை முடிந்தது, போதும் என்று பொருள்பட "காணும்" என்று குரல் வரும்வரை எவரும் அதை முடுக்காதபடி அருகிலேயே நிற்பான். பாட்டுக்காரன் பாடாத நேரத்தில் சும்மா நிற்கக்கூடாது என்று கதிர்காமு பகிடியாகக் கொடுத்த வேலை அது. யாழ்ப்பாணத்துத் தீவுகளின் கலியாண வீடுகளிலும் திருவிழாக்களிலும் சனம் கேட்டு வந்தது லிங்கத்தின் குரலைத்தான். ஆயினும் நோட்டீசில் குழுவின் பெயர் மட்டுமே இருந்தது. தன் பெயரையும் போடும்படி கேட்டான். குழுவுக்கு ஒரு பெயர் போதும் என்றான் கதிர்காமு. தை மாதம் லிங்கம் விலகினான். அவனுடைய பாட்டுகளுக்கு வேறொருவன் பழக்கப்பட்டான். ஜெனரேற்றரடிக்கு ஆள் வேண்டும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்போது நோட்டீசில் 'கரம்பொன் லிங்கம்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் கசற் கடை வைத்திருந்த இரத்தினசபாபதி அன்று கேட்க வருவதாகவும், பிடித்தால் ஞாயிற்றுக்கிழமை தன்னோடு கொழும்புக்குக் கூட்டிப்போய் ஒலிப்பதிவு செய்வதாகவும் ஏற்பாடு. அதன்பின் அவர் கனடாவுக்குப் போய்விடுவார்.

ஐந்தாந் திருவிழாவின் உபயகாரர் அப்புத்துரை, மத்தியானத்துக்குள் உடலைத் தூக்கிவிட்டால் கோயிலைக் கழுவி மாலையில் திறக்கலாம் என்று குருக்களிடம் கேட்டு வந்திருந்தார். கதிர்காமுவின் தாய் ஞானசவுந்தரி இணங்கவில்லை. கொழும்பிலிருந்து மகள் அம்பிகை மறுநாட் காலைதான் வந்துசேர்வாள். அந்த முற்றத்தில் பாட்டுப் பழகி, அந்தக் குசினியில் பிட்டுத் தின்று வளர்ந்த லிங்கம் கேட்டால் கிழவி மறுக்கமாட்டாள் என்பது அப்புத்துரையின் கணக்கு. லிங்கம் தயங்கினான்.

"தனிப்பாட்டுக்காரன் எண்டு நோட்டீஸ் அடிச்சாச்சு. இனிச் செத்த வீட்டிலை போய்க் குழுவோடை சேரப்போறீரோ?" என்றார் அவர்.

தையின் பின் அவன் அந்தப் படலையைத் திறந்ததில்லை. கோயில் விசயம், ஊர் விசயம், தன்னுடைய விசயம் அன்று என்று சொல்வதற்கு ஒரு வசனத்தை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு போனான். விடியலில் அறிவித்தல் கார் அவனுடைய பெயரைக் கத்திக்கொண்டு போனபோது, இந்த ஒழுங்கை வாசலிலாவது வாயை மூடியிருக்கலாம் என்று வேலியோரத்தில் ஒரு பெண் அவனுக்குக் கேட்கும்படி சொன்னாள். உள்ளே, தலைமாட்டுச் சுவரில் கிற்றார் சாய்ந்திருந்தது. கதிர்காமுவின் வலக்கை வெள்ளைத் துணியால் சுற்றப்பட்டிருந்தது.

ஞானசவுந்தரி அழவில்லை. எந்நாளும் அவனை நீ என்றே அழைத்தவள் அவள்.

"வந்திட்டீரோ? கோயிலாக்கள் அனுப்பினவை, என்ன?"

அவன் தலையசைத்தான்.

"தம்பியின்ரை முகத்தைப் பாக்காட்டில் அம்பிகை தாங்கமாட்டாள். ஆனால் நீர் தூக்கச் சொன்னால் நான் தூக்கவிடுறன். ஊர் சொல்லுது எண்டு சொல்லாதையும். உம்மடை வாயாலை சொல்லும்."

அடுக்கிய வசனத்தில் அவள் கேட்டதற்கு இடம் இருக்கவில்லை. அவன் கதிர்காமுவின் கையைச் சுற்றிய துணியையே பார்த்தான். விலகியபோது தன் குரலை மட்டுமே எடுத்துக்கொண்டு போனதாக இதுவரை எண்ணியிருந்தான்.

"மாமி, நேற்று ஜெனரேற்றரடியிலை ஆர் நிண்டது?"

"ஒருத்தரும் நிக்கேல்லை."

அது அவன் நின்ற இடம் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டுதான் காலைமுதல் அதைச் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

"அக்கா வரட்டும்," என்றான் லிங்கம்.

அப்புத்துரை படலைக்கு வெளியே குடையோடு நின்றார். மறுமொழியைக் கேட்டுக் குடையை மடக்கினார்.

"அப்ப உம்மடை பாட்டு?"

"பாட்டில்லை, அண்ணை."

இறுதியில் முடிவானது இது. மறுநாள் அம்பிகை வந்து பார்த்த பின்னரே உடல் தூக்கப்படும். கோயிலைச் சுத்தி செய்தபின் ஐந்தாந் திருவிழாவும் ஆறாந் திருவிழாவும் சனிக்கிழமை மாலை ஒன்றாக நடைபெறும். இசை நிகழ்ச்சி இடம்பெறாது. இரத்தினசபாபதி பிற்பகல் பஸ்ஸில் திரும்பிப் போவார். அவரிடம் வேறு நாள் கேட்பதில்லை என்பதை லிங்கம் தானே தீர்மானித்தான். மேடைக்கென்று எடுத்த ஜெனரேற்றர் செத்த வீட்டு வெளிச்சத்துக்குக் கொடுக்கப்படும்.

பொழுது சாயுமுன் அது உழவு இயந்திரத்தில் வந்து இறங்கியது. குழுவில் டிரம்ஸ் அடித்த சரவணமுத்து முற்றத்து மாமரத்தில் ஏறி பல்புகளுக்கு வயர் இழுத்தான். லிங்கம் ஜெனரேற்றருக்கு அருகில் போய் நின்றான். "காணும்" என்று மரத்திலிருந்து குரல் வந்தது. அவன் முடுக்கவில்லை. சரவணமுத்து இறங்கி, முற்றத்தைக் கடந்து வந்து, வெறுங் கைகள் இரண்டையும் அவனுக்கு முன்னால் விரித்துக் காட்டினான்.