கலந்த தொட்டி

வலையில் சிக்கிய குஞ்சுகளைத் தேசப்பன் வாளிக்குள் தட்டினான். அரிசிக் குருணை அளவு இறால்கள். சிவப்புமில்லை, மஞ்சளுமில்லை, மழை விட்ட பிறகு தெருவில் ஓடும் தண்ணீரின் நிறம். எத்தனை முறை அள்ளினாலும் பாசிக்குள்ளிருந்து இன்னும் நாலு எட்டிப் பார்த்தன. புதுவாயல் கூட்டுரோட்டில் இறங்கிவிட்டதாக அவன் மனைவி கன்னியம்மா போன் செய்திருந்தாள். அங்கிருந்து வீடு நடக்கிற தூரம்தான்.

தொட்டி அவளுடையது. கையுறை கம்பெனி வேலையில் உள்ளங்கைத் தோல் உரிந்துகொண்டிருந்த காலத்தில், கொளத்தூர் வண்ணமீன் வியாபாரி தணிகாசலத்திடம், அழகுக்காகக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற சிவப்பு இறால் கொஞ்சம் வாங்கிவந்து பெருக்கினாள். வெளிறியதையெல்லாம் ஒதுக்கி, மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்ததை மட்டும் வைத்துக்கொண்டாள். சரக்கு சுத்தமாக இருந்தால் சினைப் பெட்டைகளை இனி உன்னிடமே எடுக்கிறேன் என்றார் அவர். அந்த வார்த்தையை நம்பி வேலையை விட்டுவிட்டு, தங்கையின் பிரசவத்துக்காக இரண்டு மாதம் பள்ளிப்பட்டு போனாள்.

அவள் ஊருக்குக் கிளம்பிய அதே வாரம் தேசப்பன் மஞ்சள் ஆண் இறால்களை வாங்கிவந்து தொட்டியில் விட்டான். சிப்காட்டில் ஒரு பெயின்ட் கம்பெனியில் நிறம் கலப்பதுதான் அவன் வேலை. சிவப்பில் மஞ்சளை ஊற்றினால் ஆரஞ்சு. இதில் யாரைக் கேட்க என்ன இருக்கிறது? யாரிடமும் இல்லாத ஆரஞ்சு இறாலைப் பார்த்தால் கன்னியம்மா தன்னையும் கொஞ்சம் மதிப்பாள் என்று நினைத்தான். உண்மையான காரணம் அதுதான்.

பழுப்புக் குஞ்சுகளைக் கண்டதும் மஞ்சளையெல்லாம் பிடித்து எடுத்துவிட்டு, தணிகாசலத்துக்குப் போன் போட்டான். தான் செய்ததை, கூட்டாளி ஒருவன் தன் தொட்டியில் செய்துவிட்டதாகச் சொன்னான்.

"ஏம்பா, உன் கூட்டாளி இறால்னு நெனச்சானா, பெயின்ட் டப்பான்னு நெனச்சானா? ஓடையில கெடந்த பழுப்பு இறாலத்தான் பொறுக்கிப் பொறுக்கி கலராக்கி வச்சுகீறாங்க. ரெண்டு கலரையும் சேத்தா பழையபடி பழுப்புக்கே பூடும். பெரிய இறாலுக்கு ஒண்ணும் ஆவாது. வயித்துல கீற முட்டதான் பேஜாரு. அப்பன் எவன்னு யாருக்குத் தெரியும்?" என்று சிரித்தவர், "சனிக்கெழம சரக்கு எடுக்க உங்க ஊட்டாண்ட வரேன், கன்னியம்மாகிட்ட சொல்லு" என்று போனை வைத்தார்.

இன்று சனிக்கிழமை.

அவன் வாளியைக் குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தவும் கன்னியம்மா உள்ளே வரவும் சரியாக இருந்தது. தோள்பையைக்கூட இறக்காமல் தொட்டி முன்னால் குந்தினாள்.

"யோவ், நல்லாத்தான் பாத்துகீற! எல்லாம் வயித்த ரொப்பிக்கினு நிக்குது பாரு. குஞ்சு மட்டும் ஒண்ணையும் காணோம். வறுத்துத் துன்னுட்டியா?"

அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

"பையப் புடி" என்றாள். சினை இறால்களை ஒவ்வொன்றாக வலையில் ஏந்தி, அவன் பிடித்திருந்த தண்ணீர்ப் பைக்குள் விட்டாள். சொல்லாவிட்டால் இவையெல்லாம் கொளத்தூர்த் தொட்டியில் போய்ப் பொரிக்கும். அதன் பிறகு தணிகாசலம் இந்த வாசலை மிதிக்க மாட்டார். சொன்னால் இவள் மறுபடி கையுறை கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டும். வெளியே வண்டி வந்து நின்றது.

"வாங்கண்ணே, தோ ஆயிட்ச்சு!" என்று குரல் கொடுத்தாள்.

"கன்னிம்மா."

"இன்னா?"

"மஞ்ச ஆணுங்கள உட்டேன். நீ ஊருக்குப் போன அந்த வாரமே. குஞ்செல்லாம் பழுப்பா வந்துச்சு, எடுத்துட்டேன். முட்டையில இன்னா கீதுன்னு தெர்ல."

அவள் நிமிரவில்லை.

"ஏன்யா?"

"ஆரஞ்சு வரும்னு."

"என்னைய ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

வாசலில் செருப்பு கழற்றும் சத்தம். "இன்னாம்மா, சரக்கு ரெடியா?"

கன்னியம்மா அவன் கையிலிருந்து பையை வாங்கி வாயைத் திருகினாள். கட்டுவதற்கு எடுத்த ரப்பர் பேண்டு இரண்டு விரல்களுக்கு நடுவே விரிந்தபடி நின்றது. பையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே ஒரு சிவப்புப் பெட்டை அடிவயிற்றுக் கால்களை ஓயாமல் அசைத்து முட்டைகளுக்கு விசிறிக்கொண்டிருந்தது. முட்டைகளில் கண் விழுந்திருந்தது, பொரிக்க இன்னும் சில நாள்தான்; எந்த நிறமென்று மட்டும் தெரியவில்லை. ஒவ்வொன்றிலும் இரண்டு கறுப்புப் புள்ளிகள்.