சொல்ல வெட்கப்பட்ட இடம்

பொன்னுரங்கம் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டியவர். முதுகுவலி வந்து லாரியை விட்ட பிறகு, பந்தயத்திலிருந்து கழித்துவிட்ட ஒரு வெள்ளைக் குதிரையை வாங்கினார். திருவொற்றியூரில் வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை போட்டு அதைக் கட்டினார். காயடித்த ஆண்குதிரை, சாது. மன்னாரு என்று பெயர் வைத்தார். மாப்பிள்ளை ஊர்வலத்தில் காதருகே பேண்டு அடித்தாலும் மன்னாரு நிதானமாக நடக்கும்.

ஆனி மாதத்தில் எண்ணூரில் ஒரு கல்யாணம். ஊர்வலம் பாதி வழி போயிருக்கும். மன்னாரு நின்றுவிட்டது. பின்னங்கால்களை அகட்டி உடம்பை நீட்டிக்கொண்டு முக்கியது. சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் விழுந்தது. மாப்பிள்ளையின் தோழர்கள் சிரித்தார்கள். பெண்களில் சிலர் நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவமானத்தில் பொன்னுரங்கம் கடிவாள வாரை மடித்து அதன் தொடையில் இரண்டு அடி வைத்தார். மன்னாரு நடுங்கியதே தவிர நகரவில்லை. மாப்பிள்ளை இறங்கிக் காரில் போனார்.

மறுநாள் காலையில் குனிந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வயிற்றுக்கு அடியில், குறியை மூடியிருக்கும் தோல் உறை வீங்கித் தொங்கியது. அதைப் போய் யாரிடம் சொல்வது என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் கிருமிநாசினி கலந்த தண்ணீரை அங்கே அடித்து ஊற்றினார். எரிச்சலில் மன்னாரு காலை உதைத்து விலகியது. அன்று முழுவதும் கொள்ளுத் தீனியைத் தொடவில்லை.

அடுத்த நாள் கால்நடை டாக்டருக்குப் போன் செய்தார். மாத்தூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்த மகிழினிக்கு முப்பது வயதுகூட இருக்காது. அந்தப் பெண்ணைப் பார்த்ததும் அவருக்கு மறுபடியும் கூச்சமாகிவிட்டது. வயிற்றுவலி என்று மட்டும் சொன்னார். அவள் குனிந்து பார்க்கப் போனபோது, உதைக்கும் என்று சொல்லித் தடுத்துவிட்டார். அவள் வயிற்றில் காதுக்குழாய் வைத்துக் கேட்டாள். ஒரு ஊசி போட்டாள், சரியாகாவிட்டால் உடனே கூப்பிடச் சொல்லிவிட்டுப் போனாள்.

சரியாகவில்லை. மறுநாள் விடிந்தபோது மன்னாரு சுவரில் சாய்ந்தபடி நின்றது. அவர் மனைவி வரலட்சுமி கொட்டகைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, எதுவும் கேட்காமல் அவர் கையிலிருந்த போனை வாங்கினாள்.

"டாக்டரம்மா, அதுக்கு வவுத்துவலி இல்ல. ஒண்ணுக்குப் போற எடம் வீங்கிக் கீது. சொட்டு சொட்டாதான் வுடுது. இந்தாளு உங்ககிட்ட சொல்றதுக்கு வெக்கப்பட்டுகினு மறைச்சுட்டாரு."

மகிழினி அரை மணி நேரத்தில் வந்தாள், கோபப்படவில்லை. மயக்க ஊசி போட்டாள். மன்னாருவின் தலை மெல்லத் தாழ்ந்தது; உறைக்குள் சுருங்கியிருந்த உறுப்பு தளர்ந்து வெளியே வந்தது. பொன்னுரங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தலையை வரலட்சுமி பிடித்துக்கொள்ளட்டும் என்று சொல்லி, மகிழினி அவர் கையில் ஒரு ஜோடி கையுறையைக் கொடுத்தாள்.

அவர் கையுறை மாட்டித் தாங்கிப் பிடித்துக்கொள்ள, வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து அவள் துடைக்கத் துடைக்க, கறுத்த மெழுகைப்போல் அழுக்கு பாளம் பாளமாக வந்தது. நுனியில், சிறுநீர்த் துளையை ஒட்டிய சிறு குழிக்குள், மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒன்று கெட்டியாக அடைத்திருந்தது. எண்ணெய் விட்டு ஊறவைத்து அதை நோகாமல் எடுத்தாள். காயடித்த குதிரைகளில் இப்படிச் சேர்வது சகஜம்தான் என்றாள். சோப்பும் கிருமிநாசினியும் கூடாது, அடிக்கடி கழுவவும் கூடாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்தால் போதும் என்று சொன்னாள்.

மயக்கம் தெளிந்த சிறிது நேரத்தில் மன்னாரு கால்களை அகட்டியது. இந்த முறை தடையில்லாமல், கொட்டகைத் தரை நனைந்து ஓட, நெடுநேரம் பெய்தது. முடித்ததும் நீளமாக மூச்சுவிட்டது.

பொன்னுரங்கம் கையுறையைக் கழற்றாமலே நின்றார். "நான் அத்த அடிச்சுட்டம்மா. ரோட்ல, எல்லாரும் பாக்க."

"அதுக்கு வலிச்சிருக்கும்யா," என்றாள் மகிழினி. "இனிமே அது நின்னா, அடிக்கறதுக்கு முன்னாடி குனிஞ்சு பாருங்க."

வீக்கம் வடிய எட்டு நாள் ஆனது. அதுவரை வந்த இரண்டு ஊர்வலங்களை அவர் வேண்டாம் என்றார். ஒன்பதாம் நாள் காலையில், காசிமேட்டில் குதிரை வைத்திருக்கும் ரஷீதைத் தேடிப் போனார். டீக்கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே, உறையில் அழுக்கு சேர்வதையும் அது அடைத்துக்கொள்வதையும் எப்படிப் பார்க்க வேண்டும் என்பதையும் கைவிரலால் காட்டிச் சொன்னார். ஒருவன் சிரித்துக் கிண்டல் செய்தான். பொன்னுரங்கம் அவன் பக்கம் திரும்பவில்லை.

ரஷீது மட்டும் சிரிக்கவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

"என்துகூட நாலு நாளா கால அகட்டிகினு நிக்குது நைனா," என்றான். "வந்து ஒரு தபா பாரேன்."

இருவரும் லாயத்துக்கு நடந்தார்கள். பொன்னுரங்கம் போகும்போதே மகிழினியின் எண்ணை அழுத்தினார்.