கொட்டகையின் மாணவர்கள்

மண்பாண்டம் சுடுகிற கரண்ட் சூளைக்குத் தனியாக ஒயர் இழுக்க வந்த எலக்ட்ரீஷியன், தலையைக் குனிந்து கொட்டகைக்குள் நுழைந்ததும் மெயின் பெட்டி எங்கே என்று கேட்கவில்லை. "இத்தனை ஸ்டூல் யாருக்கு சார்?" என்றுதான் கேட்டார். சுவரோரமாக மூன்று மர ஸ்டூல்கள் இருந்தன. பானை வனையும் சக்கரத்தின் மேலும், அதற்கு முன்னாலிருந்த பழைய நாற்காலியிலும், தரையிலும், ஜன்னல் கம்பியிலும்கூட மண் தெறித்துக் காய்ந்திருக்க, அந்த மூன்றில் மட்டும் ஒரு பொட்டு மண் இல்லை. "கத்துக்க வர்றவங்களுக்கு" என்றார் பல்செட்டுக்காரர், எலக்ட்ரீஷியனின் முகத்தைப் பார்க்காமல். "பரவால்லையே, கிளாஸெல்லாம் எடுக்குறீங்களா" என்று சொல்லிவிட்டு அவர் பையிலிருந்து டிரில்லை எடுத்தார். அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் விட்டதே பெரிய உபகாரமாக இருந்தது.

பல்செட்டுக்காரர் என்பது தெரு சூட்டிய பெயர். வேலை பார்த்த காலம் முழுக்கப் பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுத்தவர் அவர். நோயாளியின் வாய் அச்சு மட்டும் ஒரு டப்பாவில் வரும், ஆள் வரமாட்டார். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்து, மெழுகில் ஈறு செய்து, பல்லை ஒவ்வொன்றாக நட்டுத் திருப்பி அனுப்புவார். ஊரில் எத்தனையோ பேர் அவர் புண்ணியத்தில் சிரித்தார்கள், மென்றார்கள், பேரன் பேத்திகளைத் திட்டினார்கள். எதிரே வந்தால் ஒருவருக்கும் அவரைத் தெரியாது. அதில் அவருக்குக் குறையொன்றும் இருந்ததில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பேச ஒருத்தி இருந்தாள். பேச என்றால் அவள் பேசுவாள், இவர் கேட்பார். எதிர்வீட்டுக்காரி யாரோடு முறைத்துக்கொண்டாள், பால் ஏன் திரிந்தது, சின்ன நாத்தனார் போனில் எந்தக் குரலில் பேசினாள் என்று ஒன்று விடாமல் சொல்வாள். இவர் நாளிதழிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" கொட்டுவார். கேட்கவே இல்லை என்று அவள் கோபித்துக்கொள்வாள். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார் என்பது, கேட்க ஒன்றுமில்லாமல் போன பிறகு அவருக்கே தெரிந்தது.

மகளின் பிரசவத்துக்கென்று விமானம் ஏறிப் போனவள் அவள். மகள் நர்ஸ், பாதி நாள் ராத்திரி டியூட்டி. மாப்பிள்ளை நல்லவர்தான், ஆனால் குழந்தையைத் தூக்கினால் கண்ணாடிப் பாத்திரத்தைத் தூக்குகிறவர்போல முழங்கை விறைத்துப் போகும். குழந்தைக்குத் தலை நிற்கட்டும், வந்துவிடுகிறேன் என்றாள். தலை நின்றது. தவழட்டும் என்றாள். தவழ்ந்தது. பல் முளைத்து, அந்தப் பல்லால் எல்லோரையும் கடிக்கவும் ஆரம்பித்துவிட்டது. இரண்டு வருஷம் ஆகப்போகிறது. "வந்துடு" என்று இவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்? சொல்லவில்லை. மகள் சிரமப்படுவாள், இவள் நடுவில் கிடந்து இழுபடுவாள் என்று தன் வாயைத் தானே கட்டிக்கொண்டார். அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டார். பாதிதான் பெருந்தன்மை. மீதி, தானாக வரட்டுமே என்கிற வீம்பு.

மண்ணுக்கு வந்தது தற்செயல். நூலகத்துக்குப் பேப்பர் படிக்கப் போனவர், பின்கூடத்தில் மண்பாண்ட வகுப்பு நடக்கிறது என்று எட்டிப் பார்த்தார். ஈரமண்ணில் கை வைத்ததும், வேலையை விட்ட நாளிலிருந்து சும்மா கிடந்த பத்து விரலும் விழித்துக்கொண்டன. வகுப்பு முடிந்துபோனதும் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையைக் காலி செய்ய இறங்கிவிட்டார். உடைந்த கட்டில், மகளின் சைக்கிள், மூடி துருப்பிடித்த பெயின்ட் டப்பாக்கள், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள் எல்லாம் வெளியேறின. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். பிளாஸ்டர் பழைய சிநேகிதம் என்பதால், ஈரமண்ணைப் பரப்பித் தண்ணீரை உறிஞ்ச விடுகிற பலகையை அவரே வார்த்துக்கொண்டார். அதைப் பார்த்திருந்தால் வகுப்பு எடுத்த அம்மாவே கேட்டு வாங்கிப் போயிருப்பார். மண் கலந்த தண்ணீர் சாக்கடையை அடைத்துவிடும் என்று, கை கழுவ மூன்று வாளி வரிசையாக வைத்தார். சக்கரம் பழையது, சூளை புதிது. ஆரம்பத்தில் சக்கரத்தில் ஏற்றியதெல்லாம் ஒருபக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது. படுத்ததை எடுத்துப் பிசைந்து மறுபடி ஏற்றினார். ஒருநாள் காலையில் ஒரு கிண்ணம் கோணாமல் கொள்ளாமல் எழுந்து நின்றது. "இங்க வந்து பாரேன்" என்று வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்துவிட்டார். குரல் அதுபாட்டுக்குப் போய்விட்டது. கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அழுகை வந்தது, அழுதார்.

அன்றைக்கு அவள் போன் செய்தபோது இவர் குரல் கம்மியிருந்தது. அதைக் கேட்டதும் அவள் அங்கே உடைந்துவிட்டாள். "ஒத்தையா என்ன பண்றீங்களோ, சாப்பிட்டீங்களோ, விழுந்து கிடந்தாக்கூட யாருக்குத் தெரியும்" என்று ஆரம்பித்தாள். பின்னால் மகள், "ஐயோ அம்மா, மறுபடியுமா" என்று சலித்துக்கொண்டது கேட்டது. அவளை எப்படியாவது தேற்ற வேண்டும். "நான் எங்கே ஒத்தை? கொட்டகைக்கு ஆளுங்க வர்றாங்க, மண் வேலை கத்துக்க" என்று சொல்லிவிட்டார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எத்தனை பேரு?" என்றாள். "மூணு பேரு." அவ்வளவுதான், பிடித்தது சனி. யார், என்ன, எங்கே இருக்கிறார்கள் என்று அவள் கேட்கக் கேட்க, அவர் ஆள்களை வார்க்க ஆரம்பித்தார். முகம் தெரியாவிட்டாலும் வாய் தெரிந்தவர்கள் அவருக்கு ஏராளம். முன்பல் தூக்கலான வங்கி அம்மா வந்தார். ராத்திரியெல்லாம் பல்லை நறநறவென்று கடித்துத் தேய்த்துவிட்ட ஒரு கணக்கு வாத்தியார் வந்தார். நூலைப் பல்லால் கடித்துக் கடித்து ஓரப்பல்லில் பள்ளம் விழுந்த ஒரு தையல்காரர் வந்தார். வாராவாரம் சனிக்கிழமை காலை கிளாஸ் நடந்தது. வங்கி அம்மாவுக்கு மூட்டுவலி கண்டது, வாத்தியார் தையல்காரரோடு சண்டை பிடித்தார், தையல்காரரின் பையன் வேலை கிடைக்காமல் அலைந்தான். "மூணு பேரும் எங்க உக்காருவாங்க?" என்று அவள் கேட்ட மறுநாளே ஸ்டூல்களும் வந்துவிட்டன. பொய்க்கு ஸ்டூல் போட்டவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

எலக்ட்ரீஷியன் சுவரில் குழாய் பதித்து முடித்து ஒயரை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வீடியோ. எடுத்தால் மனைவியும் மகளும் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். "அப்பா, இன்னைக்கு சனிக்கிழமை, கிளாஸ்தானே? இன்னைக்காவது காட்டுங்க" என்றாள் மகள். பல்செட்டுக்காரருக்கு நாள் கிழமையே மறந்து போயிருந்தது. போனைச் சட்டையோடு சேர்த்து அமுக்கிக்கொண்டார்.

"தம்பி, ஒரு நிமிஷம் அந்தச் சக்கரத்துக்கு முன்னாடி உக்காருங்க. மண்ணுல கை வைங்க."

"எதுக்கு சார்?"

"வீட்ல பேசுறாங்க. நீங்க கத்துக்க வர்றவரு. தையல்காரரு."

எலக்ட்ரீஷியன் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஒயரைக் கீழே போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்து, மண் உருண்டையில் மணிக்கட்டு வரை கையை அமுக்கினார். போன் திரும்பியது.

"இவருதான் தையல்காரரா? வணக்கம்ங்க. உங்க பையனுக்கு வேலை கெடச்சுதா?" என்றாள் மனைவி.

எலக்ட்ரீஷியன் பல்செட்டுக்காரரைப் பார்த்தார். "கெடச்சிருச்சும்மா. உங்க வாய் முகூர்த்தம்" என்றார்.

மற்ற இருவரும் எங்கே என்று மகள் கேட்க, டீ குடிக்கப் போயிருக்கிறார்கள் என்று பல்செட்டுக்காரரும், ஒருத்தர் வரவில்லை என்று எலக்ட்ரீஷியனும் ஒரே சமயத்தில் சொன்னார்கள். நல்லவேளை, குழந்தை எதையோ தட்டிவிட மகள் அந்தப் பக்கம் ஓடினாள். மனைவி மட்டும் திரையில் இருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள்.

"எனக்கு இப்பத்தாங்க மனசு ஆறுச்சு. உங்ககிட்ட சொல்லல, அடுத்த மாசம் கெளம்பி வந்துடலாம்னுதான் இருந்தேன். டிக்கெட்கூடப் பாக்கச் சொல்லிட்டேன். நீங்க அங்க ஒத்தையா கெடக்கறீங்களேன்னு. ஆனா இவ, குழந்தை பள்ளிக்கூடம் போற வரைக்கும் இருந்து பாத்துக்கயேம்மாங்கறா. உங்களுக்கும்தான் இப்ப ஆளுங்க இருக்காங்களே." நிறுத்தினாள். "என்னங்க சொல்றீங்க? இருக்கவா?"

மண்ணுக்குள் எலக்ட்ரீஷியனின் கை அசையாமல் நின்றது. அடுத்த மாதம் என்ற சொல் பல்செட்டுக்காரரின் காதுக்குள்ளேயே நின்றது. இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டு காத்திருந்தது இந்தச் சொல்லுக்குத்தான். அது தானாகவே கிளம்பி வாசல் வரை வந்திருக்கிறது. இவர் செய்து வைத்த மூன்று பேர் அதை வழிமறித்துத் திருப்பி அனுப்புகிறார்கள். உண்மையைச் சொல்லலாம். அந்நிய மனிதர் ஒருவர் மண்ணில் கையோடு உட்கார்ந்திருக்க, எப்படிச் சொல்வது? "இரு, இரு. எனக்கென்ன, இங்க தலைக்கு மேல வேலை" என்றார்.

போனை வைத்த பிறகு எலக்ட்ரீஷியன் வாளியில் கை கழுவினார். "சொல்லியிருக்கலாம் சார்" என்றார், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. பல்செட்டுக்காரர் துண்டை எடுத்து நீட்டினார். மீதி வேலையும் முடிந்தது. சூளையைப் போட்டுக் காட்டினார் எலக்ட்ரீஷியன். கம்பிச்சுருள்கள் மெல்லச் சிவந்து, முகத்தில் சூடு அடித்தது. "நேரமிருந்தா ஒக்காந்து ஒண்ணு செஞ்சு பாருங்களேன் தம்பி. நெசமாவே கத்துத் தரேன்" என்றார் பல்செட்டுக்காரர். அவருக்கு யாரையும் அப்படி அழைத்துப் பழக்கமில்லை. இன்னொரு வீட்டில் கரண்ட் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், வேறொரு நாள் வருகிறேன் என்று எலக்ட்ரீஷியன் பையை மாட்டிக்கொண்டார். வாசல் வரை போய்த் திரும்பி, "சத்தியமா வர்றேன் சார்" என்றார்.

கேட்டைச் சாத்திவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பியபோது போன் மறுபடி அடித்தது. இந்த முறை வீடியோ இல்லை, குரல் மட்டும். அவள் ரகசியம் பேசுகிறவளைப்போல் பேசினாள்.

"மாடிப்படியில ஒக்காந்திருக்கேன். இவ குளிக்கறா. ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. அங்க நெசமாவே யாராவது வர்றாங்களா?"

"இப்பத்தானே பாத்த?"

"பாத்தேன். ஆனா கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீங்க என்கிட்ட இத்தனை பேசினதில்ல. அவரு இப்படிச் சொன்னாரு, அந்தம்மா அப்படிச் சொன்னாங்கன்னு வாரா வாரம் நீங்க பேசறீங்க, நான் ம் கொட்டிட்டிருக்கேன்."

அவர் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். வாய்வரை வந்ததைப் பழக்கதோஷம் பிடித்து உள்ளே இழுத்துவிட்டது. காலால் மிதியை அமுக்கினார். வெறும் சக்கரம் உறுமிக்கொண்டு சுழன்றது.

"கேக்குதா? எல்லாரும் வந்துட்டாங்க. கிளாஸ் நடக்குது."

"கேக்குது" என்றாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "அத நிறுத்துங்க. அவங்க பேசறது என் காதுல விழட்டும்" என்றாள்.

பல்செட்டுக்காரர் காலை எடுத்தார். உறுமல் தணிந்து, சக்கரம் இரண்டு சுற்று தானாகச் சுற்றி நின்றது. ஏதாவது ஒரு குரலில் இருமலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இருமவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்து, ஈரமான சக்கரத்தட்டின் நடுவில் மெதுவாக வைத்துவிட்டுக் கைகளை மடியில் போட்டுக்கொண்டார். கொட்டகையில் ஒரு சத்தமும் இல்லை. திரையில் விநாடிகள் ஏறிக்கொண்டே இருந்தன, அவள் போனை வைக்கவில்லை.