அப்பா தூங்கும் நேரம்

பள்ளிக்கூடம் திறந்து இரண்டாவது வாரம் ஆகியும் தர்ஷினி ஒருநாள்கூட நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. அவள் அம்மா மணிமேகலைக்கு எரிச்சலாக வந்தது. நாலாம் வகுப்புப் பிள்ளை, பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம், போய் நிற்பது பத்து மணிக்கு. ஏனென்று கேட்டால் வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி நிற்கிறாள்.

டீச்சர் சௌமியா கூப்பிட்டு அனுப்பியிருந்தார்.

"லீவு முடியறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே பழக்கியிருக்கணும்மா. ராத்திரி சீக்கிரம் படுக்க வைங்க. காலையில ஜன்னலத் தொறந்து மூஞ்சில வெளிச்சம் படற மாதிரி விடுங்க. பக்கத்துல உக்காந்து தலையத் தடவி எழுப்புங்க."

தலையைத் தடவ வீட்டில் எந்த மகராசி உட்கார்ந்திருக்கிறாள்? மணிமேகலை இருட்டோடு கம்பெனி பஸ் ஏறிவிடுகிறாள். புருஷன் பூபதிக்கு வேறொரு கம்பெனியில் நைட் ஷிப்ட். அவள் போய் வெகுநேரம் கழித்துத்தான் வந்து விழுவான். லைன் வீட்டில் இருப்பது ஒரே அறை, ஒரே ஜன்னல். அதையும் அவன் பகலில் தூங்குவதற்காக அட்டை வைத்து அடைத்தாயிற்று. அந்த வீட்டுக்குள் வரவேண்டுமென்றால் சூரியனும் ஷிப்ட் மாற்றிக்கொண்டுதான் வரவேண்டும். இதையெல்லாம் சொல்ல அவளுக்கு வாய்வரை வந்தது.

அதற்குள் டீச்சர், "இன்னொரு நாள் லேட்டானா ஹெச்.எம். டி.சி. குடுத்துடுவாங்க. என் கையில ஒண்ணுமில்ல" என்று முடித்துவிட்டார்.

கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய இடம் அது. போய்விட்டால் பிள்ளையைக் கெலமங்கலத்தில் அம்மா வீட்டில் விட்டுப் படிக்கவைக்க வேண்டியதுதான். மற்ற பள்ளிக்கூடங்களெல்லாம் தூரம், கொண்டுபோய் விட ஆள் கிடையாது. அப்புறம் வாரத்துக்கொரு நாள்தான் மகள் முகத்தைப் பார்க்கும் பிழைப்பு.

அன்று சாயங்காலம் பூபதி வேலைக்குக் கிளம்பும்போது பிடித்துக்கொண்டாள்.

"பழைய போன்ல அலாரம் வெச்சிட்டுத்தான் போறன். ஒரு தடவ அடிச்சதும் அமுத்திடுது உங்க பொண்ணு. நீங்க வர்றப்ப எழுப்பக்கூடாதா?"

"வர்றப்ப எனக்கே கண்ணு தெரியறதில்ல. அதுவே எந்திரிச்சிக் கெளம்பிடும்னு படுத்துடறன். பத்து மணிக்கு ஒண்ணுக்குப் போக எந்திரிச்சா, இன்னும் போர்வைக்குள்ளயே கெடக்குது. கத்தித்தான் தொரத்தறன்."

"கத்துவீங்க. அது ஒண்ணுதான் தெரியும்."

மறுநாள் வேலைக்குப் போனவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சூப்பர்வைசரிடம் வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்துத் திரும்பினாள். பிள்ளைக்கு முதுகில் ஒன்று, புருஷனுக்குத் தலையில் ஒரு குடம் தண்ணீர் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். பள்ளிக்கூட மணி அடிக்க இன்னும் நேரமிருந்தது.

தகரக் கதவைத் தள்ளினாள். அது தரையில் உரசிக் கத்தியது. உள்ளே ஒரே இருட்டு. பூபதி போட்ட சட்டையைக்கூடக் கழற்றாமல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். கையை ஓங்கிக்கொண்டே மகளின் போர்வையை இழுத்தாள்.

தர்ஷினி தூங்கவில்லை. யூனிபார்ம் போட்டு, தானே பின்னிக்கொண்ட கோணல் சடையோடு, பையை நெஞ்சில் அணைத்தபடி விறைப்பாகப் படுத்திருந்தாள். கண் நன்றாக விழித்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாதம்மா. அப்பா தூங்குது."

"ஏன்டி கெளம்பல?"

"கதவு கத்தும். அப்பா எந்திரிச்சிடும். தூக்கம் கெட்டா மெஷின்ல கை போயிடும்னு நீதான லீவுல சொன்ன? அப்பா தூங்கறப்ப அசையாம படுத்துக் கெடன்னு."

சொன்னாள்தான். கோடை வெயிலில் தூக்கம் வராமல் பூபதி தலையில் அடித்துக்கொண்ட ஒரு நாளில், அவன் கம்பெனியில் ஒருத்தனுக்கு விரல் நசுங்கிய கதையைச் சொல்லிப் பிள்ளையை மிரட்டி வைத்தாள். பிள்ளை லீவு முழுக்க அடங்கிக் கிடந்தது. எவ்வளவு சமத்து என்று பக்கத்து வீடுகளில் பெருமையும் பேசினாள். பள்ளிக்கூடம் திறந்ததும் அந்தச் சட்டம் இனி இல்லை என்று சொல்ல அவளுக்குத் தோன்றவேயில்லை.

ஓங்கிய கை இறங்கியது. கோபம் இறங்கவில்லை. டீச்சர்மேலும் பூபதிமேலும் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் மொத்தமாகத் தன்மேலேயே திரும்ப, பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"எந்திரி. நான் வந்தப்பவே கதவு கத்துச்சு. அவரு எந்திரிச்சாரா?" என்றாள், முழுக் குரலில்.

"நீ மெதுவாத்தான தள்ளுன."

மணிமேகலை கதவை இரண்டு கையாலும் பிடித்து, சுவரில் போய் மோதும்படி இழுத்து அடித்தாள். என்னவோ ஏதோ என்று எதிர்வீட்டுச் சாந்தம்மா வெளியே ஓடிவந்தாள். பூபதி புரண்டுகூடப் படுக்கவில்லை.

தர்ஷினி அப்பாவையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில் அடிமேல் அடி வைத்து வாசலைத் தாண்டினாள்.