மணிக்கட்டில் மூன்று புள்ளிகள்

அத்தை ஈரத்துணியால் இரண்டு முறை தேய்த்தாள். அப்பாவின் மணிக்கட்டில் இருந்த மூன்று நீலப் புள்ளிகள் கொஞ்சம் வெளுத்தன; போகவில்லை.

"என்னடி இது? ஊரு உலகத்துல யாரு யாரு பச்சை குத்தறாங்கன்னு ஆராய்ச்சி பண்றே. உங்கப்பன் கையில இருக்கறது உனக்குத் தெரியலயா?"

"பச்சை இல்ல அத்தை. பேனா."

அந்தப் பேனாவை அவளுக்குத் தெரியும். அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவர், ஓய்வுக்குப் பிறகு அவளுடைய ஆய்வேட்டைத் திருத்திக்கொண்டிருந்தார். கால்புள்ளி ஒன்று இடம் மாறினாலும் அவருக்குத் தூக்கம் வராது. இன்று காலை தூக்கத்திலிருந்து எழவேயில்லை.

"வலின்னு ஏதாவது சொன்னாரா?" என்று டாக்டர் கேட்டபோது, இல்லை என்று பட்டென்று சொல்லிவிட்டாள். உண்மையில் அவள் அவரைக் கேட்டதே இல்லை.

எழுந்து அவருடைய மேசைக்குப் போனாள். ஆய்வேடு பாதியில் விரிந்து கிடந்தது. ஒரே பக்கத்தில் இரண்டு மணிக்கட்டுப் படங்கள். ஒன்றில் மூன்று புள்ளிகள் வரிசையாக, மற்றதில் முக்கோணமாக. அப்பா கையில் இருப்பது முக்கோணம். அதன் கீழே அச்சாகியிருந்தது: 'மூட்டுவலி தீர.'

அவளுக்கு மூச்சு வந்தது. கை வலித்திருக்கும். விளையாட்டாக வைத்துப் பார்த்திருப்பார்.

பிறகுதான் கவனித்தாள். குறிப்புகள் இடம் மாறியிருந்தன. அவள் செய்த பிழை. முக்கோணத்துக்குரியது பக்கத்துப் படத்தின் கீழே இருந்தது: 'இறந்தபின், முன்னால் போனவர்கள் அடையாளம் கண்டுகொள்ள.'

இரண்டையும் நீல மையில் வட்டமிட்டு ஓரத்தில் எழுதியிருந்தார்: 'மாறியிருக்கிறதா? அவளைக் கேட்க வேண்டும்.'

முந்தாநாள் அப்பா அவள் அறைக் கதவருகே வந்து நின்றார்.

"ஒரு நிமிஷம் இருக்குமாம்மா?"

"அப்புறம்ப்பா." திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேசையிலிருந்து அவள் திரும்பி வந்தபோது, அம்மா சாவதற்கு முன் கடைசியாக வாங்கிக் கொடுத்த முழுக்கைச் சட்டையை அண்ணன் அப்பாவுக்கு மாட்டிக்கொண்டிருந்தான். அத்தை துணியை மறுபடி நனைத்தாள்.

"சோப்பு போட்டாப் போயிடும். துடைச்சிடவா?"

அவள் அந்தப் புள்ளிகளையே பார்த்தாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? வேணுமா, வேண்டாமா?"

"தெரியல அத்தை."

அண்ணன் நகர்ந்ததும் அருகில் உட்கார்ந்து சட்டையின் கைப்பொத்தானைப் போட்டாள். புள்ளிகள் மறைந்தன. கழற்றிப் பார்த்தாள். மறுபடி போட்டாள்.